மெலிந்த குழந்தையும் வயிற்றுப் பூச்சியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எடை ஏறாத குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருபவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது பூச்சியைப் பற்றித்தான். சந்தேகங்கள் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருப்பதால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்காக எழுதியது. மருந்தின் அளவு வரும் இடங்களில் அது பொதுவான அளவுதான். உங்கள் குழந்தைக்கு எவ்வளவு என்பதை, குழந்தையை நேரில் பார்க்கும் மருத்துவரிடம் கேளுங்கள்.

நல்லாத்தான் சாப்பிடுறான், ஆனா உடம்புல ஒட்டவே மாட்டேங்குது. வயித்துல பூச்சியா இருக்குமா?

இருக்கலாம். ஆனால் அதற்கு முன்னால், குழந்தை உண்மையிலேயே மெலிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கண்ணால் பார்த்துச் சொல்வது அடிக்கடி தப்பிப் போகும். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை இடது மேல்கையின் நடுப்பகுதியில் ஒரு நாடாவைச் சுற்றி அளந்தால் போதும். தோளின் எலும்பு முனைக்கும் முழங்கைக்கும் சரிபாதியில், கையைத் தொங்கவிட்டு, தோலை அழுத்தாமல் அளக்க வேண்டும். 125 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் ஊட்டக்குறைவு. 115-க்குக் கீழே இருந்தால் கடுமையான ஊட்டக்குறைவு. அப்படி இருந்தால் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

இன்னொன்றையும் பாருங்கள். இரண்டு பாதங்களின் மேல்புறத்திலும் கட்டைவிரலால் மூன்று விநாடி அழுத்தி எடுங்கள். இரண்டிலும் குழி அப்படியே நின்றால் அது நீர்வீக்கம். இந்தக் குழந்தை எடை மேடையில் கனமாகத் தெரியலாம், கன்னம் உப்பியிருக்கலாம். “கொழுகொழுன்னுதானே இருக்கு” என்று வீட்டில் சொல்வார்கள். இதுவும் கடுமையான ஊட்டக்குறைவுதான்.

பூச்சின்னு எதையெல்லாம் சொல்றீங்க?

கண்ணுக்குத் தெரிவது, தெரியாதது என்று இரண்டு கூட்டம். தெரிகிற கூட்டத்தில் உருண்டைப் புழு, கொக்கிப் புழு, சாட்டைப் புழு, கீரிப்பூச்சி ஆகியவை முக்கியம். முதல் மூன்றும் மண் வழியாகப் பரவுபவை. உலகம் முழுவதும் சுமார் 150 கோடிப் பேரிடம் மண்வழிப் புழுக்கள் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. உருண்டைப் புழு 15 முதல் 35 சென்டிமீட்டர் வரை வளரும், பார்க்க மண்புழு மாதிரியே இருக்கும். கீரிப்பூச்சி அறுத்துப் போட்ட வெள்ளை நூல்துண்டு மாதிரி ஒரு சென்டிமீட்டர் இருக்கும்.

தெரியாத கூட்டம் ஒற்றைச் செல் உயிரிகள்: ஜியார்டியா, கிரிப்டோஸ்போரிடியம், சீதபேதி உண்டாக்கும் அமீபா. இவற்றை நுண்ணோக்கியில்தான் பார்க்க முடியும். இரண்டு வயதுக்குக் கீழே உள்ள மெலிந்த குழந்தைகளைப் பொறுத்தவரை எனக்கு அதிகக் கவலை இந்த இரண்டாவது கூட்டத்தைப் பற்றித்தான். ஆனால் யாரும் இதைப் பற்றிக் கேட்பதில்லை.

உள்ள போய் என்ன பண்ணும்? நாம குடுக்கிற சாப்பாட்டை அது தின்னுடுமா?

கொஞ்சம் தின்னும். ஆனால் அது சின்ன இழப்பு. பெரிய இழப்புகள் வேறு.

கொக்கிப் புழு குடல் சுவரைக் கடித்துத் தொங்கி ரத்தத்தை உறிஞ்சும். ஒரு வகை, புழு ஒன்றுக்கு நாளொன்றுக்குச் சுமார் 0.03 மில்லிலிட்டர் ரத்தம் எடுக்கும். இன்னொரு வகை சுமார் 0.2 எடுக்கும். இந்த இரண்டாவது வகையில் நூறு புழு இருந்தால் தினமும் 20 மில்லிலிட்டர் ரத்தம் போகும். பத்துக் கிலோ குழந்தையின் உடலில் மொத்தமே 800 மில்லிலிட்டருக்குப் பக்கம்தான் ரத்தம் இருக்கும். ரத்தத்தோடு இரும்புச்சத்து மட்டுமல்ல, புரதமும் போகிறது. உருண்டைப் புழு வைட்டமின் ஏ உறிஞ்சப்படுவதைக் கெடுக்கும். சாட்டைப் புழு அதிகமானால் பெருங்குடல் புண்ணாகி, சளியும் ரத்தமுமாக வெளிக்குப் போகும். சில குழந்தைகளுக்கு ஆசனவாய் வெளியே பிதுங்கும்.

ஜியார்டியா சிறுகுடல் சுவரில் ஒட்டிக்கொண்டு கொழுப்பும் பால் சர்க்கரையும் செரிக்காமல் செய்துவிடும். அதனால்தான் மலம் எண்ணெய்ப் பசையோடு, மிதந்துகொண்டு, தாங்க முடியாத நாற்றத்தோடு போகிறது. இத்தனைக்கும் மேல், எந்தத் தொற்றிலும் முதலில் போவது பசி. குழந்தை பாதித் தட்டில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறதே, இழப்பின் பெரும்பங்கு அங்கேதான் நடக்கிறது.

ஒரே வீட்டுல ரெண்டு பிள்ளைங்க. மெலிஞ்சவளுக்கு மட்டும் ஏன் திரும்பத் திரும்ப வருது?

ஊட்டம் குறையும்போது உடல் முதலில் கைவிடும் செலவுகளில் ஒன்று நோய் எதிர்ப்பு. நெஞ்சுக்கூட்டில் இருக்கும் தைமஸ் சுரப்பி சுருங்கிப் போகும். குடலின் உள்பரப்பு தேய்ந்து, உறிஞ்சும் இடமும் குறையும், கிருமியைத் தடுக்கும் வேலியும் தளரும். துத்தநாகமும் வைட்டமின் ஏயும் குறைந்தால் அந்தப் பரப்பு சீக்கிரம் ஆறாது. எனவே அதே கிருமி அக்காவுக்கு மூன்று நாள் பேதியாகப் போய்விடும், தங்கைக்கு மூன்று வாரம் இழுக்கும். அந்த மூன்று வாரத்தில் அவள் இன்னும் மெலிவாள்.

கிரிப்டோஸ்போரிடியம் இதற்குத் தெளிவான உதாரணம். ஆப்பிரிக்காவிலும் தெற்காசியாவிலும் ஏழு இடங்களில் நடந்து 2013-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் கடும் பேதிக்கு ரோட்டாவைரஸுக்கு அடுத்த முக்கியக் காரணமாக இதுதான் தெரிந்தது. ஒன்று முதல் இரண்டு வயதுக் குழந்தைகளில் இறப்போடும் இதற்குத் தொடர்பு இருந்தது.

தூக்கத்துல பல்லைக் கடிக்கிறான், முகத்துல வெள்ளைத் திட்டு, எப்பப் பார்த்தாலும் இனிப்பு கேக்குறான். பூச்சிதானே?

இல்லை. மூன்றுமே பூச்சிக்கு அடையாளம் இல்லை. பல் கடிப்பது பூச்சியே இல்லாத குழந்தைகளிடமும் சாதாரணம். முகத்து வெள்ளைத் திட்டு பெரும்பாலும் வறண்ட தோலின் விளைவு. இனிப்பு தின்றால் பூச்சி பிறக்காது. பூச்சி வருவது முட்டையிலிருந்தோ, மண்ணில் இருக்கும் இளம்புழுவிலிருந்தோதான்.

அப்போ எதை வெச்சுத்தான் கண்டுபிடிக்கிறது?

மலத்திலோ வாந்தியிலோ புழு வந்தால் சந்தேகமே இல்லை. ராத்திரியில் ஆசனவாய் அரிப்பு, தூக்கம் கெட்டு அழுவது என்றால் கீரிப்பூச்சியை நினைக்கலாம். அது ராத்திரியில்தான் வெளியே வந்து முட்டையிடும். விடிந்ததும் கழுவுவதற்கு முன்னால் செலோடேப்பை ஒட்டி எடுத்துப் பார்த்தால் முட்டை சிக்கும். மலப் பரிசோதனையில் அது பெரும்பாலும் தெரியாது. கீழிமையின் உள்பக்கமும் உள்ளங்கையும் வெளுத்திருந்தால் ரத்தசோகை, அதற்குக் கொக்கிப் புழு ஒரு காரணமாக இருக்கலாம். எண்ணெய்ப் பசை மலத்தைப் பற்றி மேலே சொல்லிவிட்டேன்.

நிறையக் குழந்தைகளிடம் எந்த அறிகுறியும் இருக்காது. பேதியே இல்லாமல் ஜியார்டியா மாதக்கணக்கில் குடலில் தங்கும். பேதி இல்லையே என்று நாம் இருப்போம், வளர்ச்சி அட்டையில் கோடு படுத்திருக்கும்.

மலப் பரிசோதனையில ஒண்ணுமில்லைன்னு வந்துடுச்சு. அப்ப இல்லைதானே?

ஒரு தடவை பார்த்து இல்லை என்று சொல்ல முடியாது. ஜியார்டியா தினமும் வெளியே வராது, விட்டுவிட்டு வரும். அதனால் வெவ்வேறு நாட்களில் மூன்று மாதிரி கேட்பார்கள். கிருமியின் புரதத்தை மலத்தில் தேடும் ஆன்டிஜன் பரிசோதனை இருந்தால் இன்னும் நல்லது. உருண்டைப் புழு வயிற்றுக்குள் போனதிலிருந்து முட்டையிட ஆரம்பிக்க இரண்டு மூன்று மாதம் ஆகும். அதுவரை மலத்தில் முட்டை தேடினால் எங்கே இருக்கும்?

தலைகீழான குழப்பமும் உண்டு. நோய் செய்யும் அமீபாவும் ஒன்றும் செய்யாத அதன் இனத்து அமீபா ஒன்றும் நுண்ணோக்கியில் அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கும். மலத்தில் ரத்தமோ சளியோ இல்லாத குழந்தைக்கு “அமீபா இருக்கு” என்று ஒரு காகிதம் வந்தால் உடனே மருந்துக்கு ஓடாமல் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பூச்சி மருந்து எந்த வயசுல ஆரம்பிக்கலாம்? எவ்வளவு குடுக்கணும்?

ஒரு வயது முடிந்த பிறகு. அல்பெண்டசோல் என்றால் இரண்டு வயது வரை 200 மில்லிகிராம், அதாவது அரை மாத்திரை. இரண்டு வயதுக்கு மேல் 400. மெபெண்டசோல் என்றால் 500. இரண்டுமே ஒரே வேளை. மண்வழிப் புழு 20 சதவீதத்துக்கு மேல் இருக்கும் பகுதிகளில் வருடத்துக்கு ஒரு முறையும், 50 சதவீதத்துக்கு மேல் இருந்தால் இரண்டு முறையும் எல்லாக் குழந்தைகளுக்கும் கொடுக்கச் சொல்வது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல்.

அளவைவிடக் கொடுக்கும் விதத்தைப் பற்றித்தான் அழுத்திச் சொல்ல வேண்டும். சின்னக் குழந்தைக்கு முழு மாத்திரையைக் கொடுக்காதீர்கள். தொண்டையில் அடைத்துக் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். இரண்டு கரண்டிக்கு நடுவில் வைத்துத் தூளாக்கி, தண்ணீரில் கலக்கி, உட்கார வைத்துக் கொடுங்கள். அழுகிற குழந்தையின் மூக்கைப் பிடித்து ஊற்ற வேண்டாம். இன்றைக்கு முடியவில்லையா, நாளைக்குக் கொடுக்கலாம். இதில் ஒரு நாளில் ஒன்றும் கெட்டுப் போகாது.

மருந்து குடுத்தோம், ஒரு பூச்சிகூட வெளிய வரலையே?

வர வேண்டும் என்று கட்டாயமில்லை. மருந்து புழுவை உடனே கொல்வதில்லை. அது குளுக்கோஸை உறிஞ்ச முடியாமல் செய்துவிடுகிறது. பட்டினியில் செயலிழந்து சில நாட்களில் வெளியேறும், பாதி செரித்தும் போய்விடும். கொக்கிப் புழு ஒரு சென்டிமீட்டர்தான், மலத்தில் தேடினாலும் தெரியாது. சாட்டைப் புழு மட்டும் ஒரு வேளை மருந்துக்கு அவ்வளவாக மசியாது. அது இருப்பது உறுதியானால் மூன்று நாள் கொடுப்பார்கள்.

ஆறு மாசத்துக்கு ஒரு தடவை தவறாம குடுக்கிறோம். அப்புறம் ஏன் பேதி நிக்கவே இல்லை?

அந்த மருந்து கண்ணுக்குத் தெரிகிற முதல் கூட்டத்துக்கானது. ஒரு வேளை அல்பெண்டசோல் ஜியார்டியாவைத் தீர்க்காது, கிரிப்டோஸ்போரிடியத்தைத் தொடவே தொடாது. ஜியார்டியாவுக்கு மெட்ரோனிடசோல், டினிடசோல், நிட்டசாக்சனைடு என்று மருந்துகள் உண்டு. கிரிப்டோஸ்போரிடியத்துக்கு ஒரு வயதுக்கு மேல் நிட்டசாக்சனைடு ஒன்றுதான் கையில் இருக்கிறது. அதுவும் எதிர்ப்பு சக்தி மிகவும் விழுந்துபோன குழந்தையிடம் சரியாக வேலை செய்யாது. அதாவது, மருந்து அதிகம் தேவைப்படும் குழந்தையிடம்தான் அது தடுமாறுகிறது.

பேதி 14 நாளைத் தாண்டினால் வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டுப் பரிசோதனைக்குப் போக வேண்டும். அதற்கு முன்னாலும் பேதி என்றால் ஓ.ஆர்.எஸ். கரைசலும், 10 முதல் 14 நாள் துத்தநாக மருந்தும் உண்டு. சாப்பாட்டை நிறுத்தக் கூடாது. ஒரு விதிவிலக்கு: கடுமையான ஊட்டக்குறைவு உள்ள குழந்தைக்கு வழக்கமான ஓ.ஆர்.எஸ். உப்பு அதிகமாகி இதயத்துக்குச் சுமையாகலாம். அவர்களுக்கு உப்பு குறைத்த வேறு கரைசல் இருக்கிறது. மருத்துவமனையில் கவனித்து, மெதுவாகக் கொடுப்பார்கள்.

ரொம்ப மெலிஞ்சிட்டா. முதல்ல பூச்சியை எடுத்துட்டு, அப்புறம் நல்ல சத்தான சாப்பாடா குடுத்துத் தேத்திடலாம்ல?

இந்த ஒரு கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுத உட்கார்ந்தேன். கேட்கச் சரியாகத் தோன்றும். ஆனால் மேல்கை 115-க்குக் கீழே உள்ள, பசியில்லாத, சோர்ந்துபோன, அல்லது கால் வீங்கிய குழந்தையிடம் இரண்டுமே தப்பு.

இந்தக் குழந்தையை முதல் சில நாளில் சாய்ப்பது பூச்சி இல்லை. ரத்தத்தில் சர்க்கரை விழுவது, உடல் சூடு குறைவது, உப்புக்களின் தடுமாற்றம், வெளியே தெரியாத பாக்டீரியா தொற்று, இவைதான். எதிர்ப்பு சக்தி இல்லாததால் தொற்று இருந்தும் காய்ச்சல் வராது. “காய்ச்சல் இல்லையே” என்பது இங்கே ஆறுதல் இல்லை. எனவேதான் அறிகுறி இல்லாவிட்டாலும் ஆன்டிபயாடிக் கொடுக்கிறார்கள். பூச்சி மருந்து பொதுவாக முதல் வாரம் தாண்டி, குழந்தை கொஞ்சம் தேறிய பிறகு.

சாப்பாட்டிலும் அப்படித்தான். காய்ந்து கிடந்த உடலில் திடீரென்று நிறைய உணவை ஏற்றினால் பாஸ்பேட், பொட்டாசியம் சரிந்து இதயம் நின்றுபோகும் அபாயம் உண்டு. அதனால் முதல் கட்டத்தில் 100 மில்லிலிட்டருக்கு 75 கலோரி மட்டும் உள்ள ஒரு பால் கலவையை இரண்டு மூன்று மணிக்கு ஒரு முறை, ராத்திரியிலும் எழுப்பி, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கிறார்கள். பசி திரும்பி, வீக்கம் வடிய ஆரம்பித்த பிறகுதான் அடர்த்தியான உணவு. பார்க்கிற பாட்டிக்கு “இவ்வளவு கம்மியா குடுக்கிறாங்களே” என்று மனசு பதறும். ஆனால் அந்தக் குறைந்த அளவுதான் அப்போது குழந்தையைக் காக்கிறது.

ரத்தம் கம்மின்னு சொல்லிட்டாங்க. அயர்ன் டானிக்கை இன்னைக்கே ஆரம்பிச்சுடட்டா? மண்ணு வேற திங்கிறா.

கடுமையான ஊட்டக்குறைவு என்றால் இன்றைக்கு வேண்டாம். முதல் கட்டத்தில் இரும்பு தொற்றை வளர்க்கும். எடை ஏற ஆரம்பித்த பிறகே கொடுப்பார்கள். மலேரியா உள்ள பகுதிகளில் இன்னும் கவனம் தேவை. தான்சானியாவின் பெம்பா தீவில் நடந்து 2006-இல் வெளியான சோதனையில், எல்லாச் சின்னக் குழந்தைகளுக்கும் இரும்பும் போலிக் அமிலமும் கொடுத்ததில் மருத்துவமனைச் சேர்க்கையும் இறப்பும் கூடின. அதன் பிறகுதான், மலேரியாத் தடுப்பும் சிகிச்சையும் இருக்கும் இடத்தில் மட்டும் இரும்பு என்று வழிகாட்டல் மாறியது. சாதாரண ரத்தசோகை என்றால் பயம் இல்லை, மருத்துவர் சொன்ன அளவில் கொடுக்கலாம்.

மண் தின்பதைக் கெட்ட பழக்கம் என்று அடிக்காதீர்கள். இரும்புச்சத்துக் குறைவில் மண், சுண்ணாம்பு, சாம்பல் மீது ஆசை வருவது தெரிந்த விஷயம். மண்ணோடு புழு முட்டையும் உள்ளே போகும், ரத்தசோகை கூடும், ஆசையும் கூடும். ரத்தசோகைக்குச் சிகிச்சை கொடுத்தால் பலருக்கு அந்த ஆசை தானாக அடங்கிவிடும்.

வெறும் தாய்ப்பால்தான் குடிக்கிறான். அவனுக்கும் வருமா?

வாய்ப்பு மிகக் குறைவு. தாய்ப்பால் வெளித் தண்ணீரைத் தவிர்க்கிறது, அதில் எதிர்ப்புப் பொருட்களும் இருக்கின்றன. ஆறு மாதத்தில் இணை உணவும் தண்ணீரும் தொடங்கி, குழந்தை தவழ்ந்து கையில் கிடைத்ததை வாயில் வைக்கும்போதுதான் தொற்று கூடுகிறது. தாய்ப்பாலை இரண்டு வயது வரைக்கும் தொடருங்கள்.

தண்ணியில குளோரின் போடுறோம், கைக்கு சானிடைசர் வெச்சிருக்கோம். இன்னும் என்ன?

இந்தக் கிருமிகளிடம் இரண்டும் சரியாகச் செல்லாது. கிரிப்டோஸ்போரிடியம் வழக்கமான குளோரின் அளவில் நாள்கணக்கில் உயிரோடு இருக்கும். உருண்டைப் புழு முட்டையின் ஓடும் குளோரினுக்கு அசையாது. தண்ணீரைத் தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்க வையுங்கள், எல்லாம் செத்துவிடும். சானிடைசரும் முட்டையைக் கொல்லாது. சோப்பும் கொல்லாதுதான், ஆனால் தேய்த்துக் கழுவும்போது அது கையை விட்டுப் போய்விடும். நகத்தை ஒட்ட வெட்டுங்கள். குழந்தையின் மலத்தைக் கழிப்பறையில் கொட்டுங்கள். சின்னக் குழந்தையின் மலம் சுத்தம் என்று நினைத்து வாசலில் எறிவதுதான் பல இடங்களில் நடக்கிறது.

மருந்து குடுத்து மூணு மாசம்கூட ஆகலை, மறுபடியும் வந்துடுச்சு. மருந்து சரியில்லையா?

பெரும்பாலும் மருந்தில் குறை இல்லை. மருந்து உள்ளே இருக்கும் புழுவை அகற்றும், அடுத்த முறை வராமல் தடுக்காது. ஒரு பெண் உருண்டைப் புழு நாளைக்கு இரண்டு லட்சம் முட்டை வரை இடும். அவை மண்ணில் இரண்டு மூன்று வாரத்தில் முதிர்ந்து தொற்றத் தயாராகும், வருடக்கணக்கில் கிடக்கவும் செய்யும். கொக்கிப் புழு பாதத் தோலைத் துளைத்தே ஏறும்; செருப்பு அதற்காகத்தான்.

கீரிப்பூச்சி மட்டும் வேறு கணக்கு. அதன் முட்டை சில மணி நேரத்திலேயே தொற்றும், போர்வையில் இருக்கும், நக இடுக்கில் இருக்கும். வீட்டில் எல்லாரும் ஒரே நாளில் மருந்து எடுத்து, இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும். கர்ப்பிணிகள் மட்டும் மருத்துவரைக் கேட்டு.

வயிறு பானை மாதிரி, கைகால் குச்சி மாதிரி. இது பூச்சி வயிறுதானே?

பல நேரம் தசை வலுவில்லாததாலும் வாயுவாலும்தான் வயிறு முன்தள்ளும். ஆனால் மண்ணீரலோ கல்லீரலோ வீங்கியிருக்கலாம். மலேரியாவிலும் மணல் ஈ பரப்பும் கருங்காய்ச்சலிலும் அப்படி ஆகும். அவையும் ஒட்டுண்ணி நோய்கள்தான், பூச்சி மருந்துக்குக் கட்டுப்படாதவை. எனவே வயிற்றை மருத்துவர் தொட்டுப் பார்க்க வேண்டும். வயிறு கல்லாகி, பச்சையாக வாந்தி எடுத்து, மலமும் வாயுவும் போகாமல் நின்றால் புழுக்கள் திரண்டு குடலை அடைத்திருக்கலாம். அப்போது பூச்சி மருந்து எதுவும் கொடுக்காமல் உடனே மருத்துவமனைக்கு.

எல்லாருக்கும் பூச்சி மருந்து குடுக்கிறதால எடை ஏறலைன்னு ஆராய்ச்சி சொல்லுதாமே? அப்ப எதுக்குக் குடுக்கணும்?

பாதி உண்மை. பல சோதனைகளைத் தொகுத்துப் பார்த்ததில், எல்லாக் குழந்தைகளுக்கும் கொடுக்கும்போது சராசரி எடை பெரிதாக நகரவில்லை. ஆனால் புழுக்கள் சமமாகப் பங்கு போட்டுக்கொள்வதில்லை. ஊரில் பெரும்பாலான புழுக்கள் சில குழந்தைகளின் வயிற்றில்தான் குவிந்திருக்கும். அவர்களுக்குக் கிடைத்த பலன் சராசரியில் கரைந்துவிடுகிறது. புழு இருப்பது தெரிந்து கொடுக்கும்போது எடை கூடியதைக் காட்டும் சோதனைகள் உண்டு. மருந்து மலிவு, பாதுகாப்பானது. கொடுப்பதில் எனக்குத் தயக்கம் இல்லை. அது சாப்பாட்டுக்குப் பதில் என்று நினைப்பதில்தான் தயக்கம்.

சுத்தத்துக்கும் இதே பாடம் உண்டு. வங்கதேசம், கென்யா, ஜிம்பாப்வே மூன்றிலும் நடந்து 2018, 2019-இல் வெளியான பெரிய சோதனைகளில், கழிப்பறை, தண்ணீர்ச் சுத்திகரிப்பு, கைகழுவல் ஆகியவற்றால் மட்டும் குழந்தைகளின் உயரம் கூடவில்லை. உணவு ஆலோசனையும் ஊட்ட உணவும் கொடுத்த பிரிவுகளில் கொஞ்சம் கூடியது.

எல்லாம் குடுத்தாச்சு. தேறுறாளான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

கடுமையான ஊட்டக்குறைவிலிருந்து மீளும் கட்டத்தில், கிலோவுக்கு நாளொன்றுக்கு 10 கிராமுக்கு மேல் ஏறினால் நன்றாகத் தேறுகிறாள். ஆறு கிலோ குழந்தை என்றால் தினம் 60 கிராம். 5 கிராமுக்குக் கீழே என்றால் ஏதோ தடுக்கிறது. முதலில் பார்க்க வேண்டியது உணவு உண்மையில் அவள் வயிற்றுக்குத்தான் போகிறதா என்பது. வீட்டில் மற்ற பிள்ளைகளோடு பங்காகிப் போவது சகஜம், அதற்காக யாரையும் குற்றம் சொல்ல முடியாது. அதுவும் சரியாக இருந்தால் ஒளிந்திருக்கும் தொற்றுகளைத் தேட வேண்டும்: சிறுநீர்த் தொற்று, காதுச் சீழ், காசநோய், எச்.ஐ.வி., அப்புறம் ஜியார்டியா. முதல் மலப் பரிசோதனையில் இல்லை என்று வந்திருந்தாலும் மறுபடி மூன்று மாதிரி கொடுங்கள்.